தம்புராவுக்குப் பின்னால் இருந்த இடம்

2025 ஆகஸ்டு 1ஆம் நாள் 'அம்பிகாபதி' மீண்டும் திரைக்கு வந்தது. ஆனந்த் எல். ராய் இயக்கி 2013இல் வெளியான 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. முதல் வெளியீட்டில் மருத்துவமனைக் கட்டிலில் உயிர்விட்ட நாயகன், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, செயற்கை நுண்ணறிவின் உதவியால் கண்விழித்து எழுந்தான். அவனை எழுப்பியது படத்தின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் ஈரோஸ் என்ற மும்பை நிறுவனம். இயக்குநர் எதிர்த்தார். நாயகனாக நடித்த தனுஷ் எதிர்த்தார். நிறுவனமோ தனக்குள்ள சட்ட உரிமையைச் சுட்டிக்காட்டியது. படம் ஓடியது.

அதன்பின் கருத்தரங்குகள் பெருகின. தொழில்நுட்பம் படைப்பாற்றலை அழித்துவிடுமா என்ற கேள்வி தமிழ்த்துறை, ஊடகவியல் துறை, மெய்யியல் துறை என எல்லாக் கூடங்களிலும் ஒரே சொற்களில் எழுப்பப்படுகிறது. விடைகளும் இரண்டே. முதல் தரப்பு வால்டர் பெஞ்சமினின் 1930களின் கட்டுரையில் தொடங்கிக் கலையின் ஒளிவட்டம் மங்கியதாகக் கண்ணீர் விடுகிறது. மறு தரப்பு, புகைப்படக் கருவி வந்தபோது ஓவியம் செத்துவிட்டதா, ஒலிவாங்கி வந்தபோது பாட்டு செத்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத் தேநீர் இடைவேளைக்குப் போய்விடுகிறது. இரண்டாம் தரப்பின் வாதத்தில் வரலாற்று உண்மை கொஞ்சம் கூடுதலாக உண்டு. அதனாலேயே அது கூடுதல் ஆபத்தானது.

இரு தரப்பினரும் மேடையின் முன்வரிசையை மட்டுமே பார்க்கின்றனர். பாகவதர் பாடுகிறாரா, இயக்குநரின் முடிவு நிலைக்கிறதா, புகழ்பெற்ற பாடகரின் குரல் திருடப்படுகிறதா என்பவையே அவர்கள் கவலை. முன்வரிசை எப்போதும் தப்பித்துக்கொள்ளும். எந்தக் கருவி வந்தாலும் முதலில் காலியாவது பின்வரிசை. கலை கற்கப்படுவதும் அங்கேதான். மும்பையின் மூன்று தமிழ்ப் பகுதிகளை, ஹார்பர் வழித்தடத்தைச் சுற்றியே கிடக்கும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகியவற்றை, அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

மாட்டுங்காவிலிருந்து தொடங்கலாம். கிங்ஸ் சர்க்கிள் அருகே ஷண்முகானந்தா அரங்கம் 1963இல் திறக்கப்பட்டது. 1990இல் தீக்கிரையாகி 1998இல் மீண்டும் எழுந்தது. ஏறத்தாழ 2,700 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு வீணையைக் கேட்க முடியாது. அவ்வகையில், தமிழர்களின் மிகப் பெரிய மும்பைச் சபாவே தொழில்நுட்பத்தின் குழந்தைதான். கச்சேரி கேட்க வருவோர் அதைப் பற்றி வருந்துவதும் இல்லை. ஒலிவாங்கி வந்ததால் பாகவதர்கள் கட்டைக் குரலில் ஏறிக் கத்த வேண்டிய தேவை குறைந்தது. தாழ்ந்த சுருதியில் நுண்மையாகப் பாடும் வழி திறந்தது. பெண் பாடகர்களுக்கும் மென்குரலாளர்களுக்கும் அது நன்மையே செய்தது.

ஆயினும் அதே மேடையில் மற்றொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. பாடகருக்குப் பின்னால் தம்புராவை மடியில் சாய்த்து ஒருவர் அமர்ந்திருப்பார். பெரும்பாலும் சீடர். பஞ்சமம், மேல் ஷட்ஜம் இரண்டு, கீழ் ஷட்ஜம் என நான்கு தந்திகளை இரண்டரை மணி நேரம் மாறாமல் மீட்டுவதே அவர் வேலை. பார்ப்பவருக்கு அது சலிப்பூட்டும் ஊழியம். அந்த இடத்தில் அமர்ந்தவர் பெற்றது வேறு எங்கும் கிடைக்காத கல்வி. தொண்டை கட்டிய நாளில் குரு மேல் ஸ்தாயியை எப்படித் தொடாமல் தப்புகிறார், மிருதங்கக்காரர் ஓர் அட்சரம் வழுக்கும்போது எந்தச் சொல்லை நீட்டி அவரை உள்ளே இழுத்துக்கொள்கிறார், சபை கவனம் சிதறுகிறதென்று உணர்ந்து விரிவான ராகத்தை எந்தக் கணத்தில் சுருக்குகிறார் என்பதையெல்லாம் எந்தக் குருவும் வகுப்பில் சொல்லித் தந்ததில்லை. அவை குருவுக்கே சொல்லத் தெரியாதவை. தமிழில் அதற்குக் கேள்விஞானம் என்று பெயர். அது செவிவழி வருவது. செவி அருகில் இருக்க வேண்டும்.

1979இல் தொடங்கப்பட்ட பெங்களூரின் ரேடல் நிறுவனம் மின்னணுத் தம்புராவையும் சுருதிப்பெட்டியையும் பரவலாக்கியது. இன்று கைபேசிச் செயலி ஒன்றே அவ்வேலையைச் செய்கிறது. இதனால் வந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. மிரஜ் நகரத்துக் கைவினைஞர் செய்யும் தம்புராவை வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. மாலை ஏழு மணி ஹார்பர் மின்ரயிலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற முயன்றவர் மறுநாளே செயலியைத் தரவிறக்கிவிடுவார். செம்பூரில் ஓர் அறைக் குடியிருப்பில் சாதகம் செய்யும் மாணவிக்கு அந்தப் பெட்டியே துணை. கச்சேரியின் தரம் அதனால் குறைந்துவிட்டதாகவும் நிறுவ முடியாது. சுருதி முன்னைவிடத் துல்லியம் என்றே சிலர் வாதிடுவர். ஆக, இரண்டாம் தரப்பின் கணக்கில் இழப்பு ஏதுமில்லை: இசை இருக்கிறது, சுருதி இருக்கிறது, செலவு குறைந்திருக்கிறது. குறைந்தது பாடகருக்குப் பின்னால் இருந்த ஓர் இருக்கை மட்டும். அதில் சீடர் அமர்வது இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆனால் அது தேவையாக இருந்த நிலை போய், குருவின் பெருந்தன்மையாக மாறிவிட்டது. தேவையால் கிடைத்த இடத்துக்கும் தயவால் கிடைக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவைத் தமிழ் ஆய்வு மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மும்பைத் திரையிசை இதையே பெரிய அளவில் கண்டது. 1990கள் வரை ஒரு பாட்டின் ஒலிப்பதிவுக்கு வயலின் வரிசைகளும் ஊதுகருவிக்காரர்களும் தாளக் கலைஞர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்தனர். அவர்களில் பலர் கோவாவிலிருந்து வந்த கிறித்தவ இசைஞர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இராது. கிரெகரி பூத் 2008இல் வெளியிட்ட ஆய்வு நூல் அந்தக் கூட்டத்தின் வாழ்வையும் கலைவையும் விரிவாகப் பதிவுசெய்கிறது. பல தடப் பதிவும் சீக்குவென்சரும் சிந்தசைசரும் வந்தபின் கூடம் காலியாயிற்று.

காலியான கூடத்தில் யார் உருவாகியிருந்தார்கள் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இணையரில் பியாரேலால் சிறுவனாகவே அத்தகைய கூடங்களில் வயலின் வாசித்து வளர்ந்தவர். அவருக்கு வயலின் கற்றுத் தந்தவர் அந்தோனி கொன்சால்வஸ் என்ற கோவா இசைஞர். 1977இல் வந்த 'அமர் அக்பர் அந்தோனி'யின் நகைச்சுவைப் பாட்டொன்றில் அந்த ஆசிரியரின் பெயரை ஊரெல்லாம் பாடவைத்தார் மாணவர். சென்னையிலும் கதை இதுவே. இளையராஜா ஜி. கே. வெங்கடேஷின் உதவியாளராக இருந்தவர், ஏ. ஆர். ரஹ்மான் பதின்வயதில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். திரைக்கு வெளியேயும் அப்படித்தான்: எம். எஃப். உசேன் பம்பாய்த் தெருக்களில் திரைப்பட விளம்பரப் பலகை வரைந்து கை பழகியவர். ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் அந்தப் பலகைகளும் இல்லை, சாரத்தின் கீழே நின்று சாயம் குழைத்த பையனும் இல்லை.

ரஹ்மானைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்வது தகும். 1992இல் 'ரோஜா'வோடு வந்த அவருடைய பணிமுறை, பெரிய வாத்தியக் கூடங்களின் தேவையைக் குறைத்த மாற்றத்தின் ஒரு பகுதி. அவரே 2008இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கி, வசதியற்ற சிறுவர்களுக்குச் 'சன்ஷைன்' வாத்தியக் குழுவையும் அமைத்தார். கருவி காலிசெய்த இருக்கையைப் பணம் செலவழித்துத் திரும்ப அமைக்க வேண்டியிருக்கிறது என்பதை அவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்ட செயல் வேறில்லை. 'லால் சலாம்' படத்துக்காக 2024இல் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டபோது குடும்பத்தாரிடம் இசைவு பெற்று ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். நன்று. ஆனால் அந்தப் பாட்டைப் பாடியிருக்கக்கூடிய, இன்னும் யாரென்று தெரியாத, உயிரோடிருக்கும் ஓர் இளைஞனின் இசைவை யாரிடம் பெறுவது?

இங்கே தாராவி குறுக்கிட வேண்டும். குறுக்கிடாவிட்டால் இக்கட்டுரையும் மாட்டுங்காவின் பெருமூச்சாகவே முடியும். தம்புராவுக்குப் பின்னால் இருந்த அந்த இருக்கை எல்லாருக்கும் திறந்திருந்ததா? இல்லை. ஷண்முகானந்தாவிலிருந்து தாராவி நடந்து செல்லும் தொலைவே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நம்பி வந்து குடியேறிய தலித் மக்களின் பிள்ளைகளுக்கு அந்த இருக்கை எந்த நூற்றாண்டிலும் ஒதுக்கப்படவில்லை. குருகுலத்தின் அழிவைப் பற்றிய புலம்பலில் பாதி, குருகுலத்தின் கதவு யாருக்குச் சாத்தப்பட்டிருந்தது என்பதை மறக்கும் வசதியிலிருந்து பிறப்பது. தொழில்நுட்ப எதிர்ப்பாளர்கள் இதற்கு விடை சொல்லாமல் ஒளிவட்டத்தைப் பற்றிப் பேச உரிமையற்றவர்கள்.

தாராவிப் பிள்ளைகளுக்குக் கைபேசியே முதல் வாத்தியம். மலிவான இணையம் 2016இன் இறுதியில் பரவியபின் ஹிப்-ஹாப் அங்கே தெருவுக்குத் தெரு கேட்டது. இணையத்திலிருந்து இறக்கிய தாளம், ஒரு மடிக்கணினி, போர்வையால் சுவர் மூடிய அறை: ஒலிப்பதிவுக்கூடம் தயார். தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' குழு தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் சொல் அடுக்கியது; பா. ரஞ்சித்தின் 'காலா' 2018இல் வந்தபோது அதன் பாட்டுகளில் அக்குழுவின் குரல் ஒலித்தது. மாட்டுங்காவின் அரோரா திரையரங்கில் ரஜினி படத்தை விடியற்காலைக் காட்சியில் பார்க்கத் திரளும் கூட்டத்துக்குத் தன் தெருவின் நாக்கு அப்படத்தில் கேட்டது சிறிய செய்தியன்று. எந்தச் சபாவும் தராததைக் கருவி தந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் இரண்டாம் தரப்பு கைதட்டும். ஹிப்-ஹாப்பின் சொந்த வரலாறு அந்தக் கைதட்டலை அனுமதிக்காது. 'அமென், பிரதர்' என்பது 1969இல் 'வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட பாட்டு. அதில் கிரெகரி கோல்மன் என்ற கறுப்பினத் தாளக் கலைஞர் தனியாக வாசித்த சில நொடிகள், மாதிரியெடுக்கும் கருவிகள் வந்தபின் வெட்டப்பட்டு, ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமாயின. உலகில் மிகுதியாக மறுபயன்பாடு செய்யப்பட்ட ஒலித்துண்டுகளுள் அது ஒன்று. கோல்மனுக்கு அதற்கென ஒரு காசும் வரவில்லை. வீடற்றவராக 2006இல் இறந்தார். தெருவிளக்கின் கீழே ஒரு சிறுவனுக்குக் கிடைத்த இலவசத் தாளத்தின் விலையை வேறெங்கோ பெயரற்ற ஒருவர் கொடுத்திருக்கிறார். இதற்குச் சிறுவன் பொறுப்பாளி அல்லன். ஆனால் கொடையாகக் கொண்டாடப்படும் எந்தக் கருவியின் பின்புறத்திலும் இப்படியொரு கணக்கு எழுதப்படாமல் இருக்கிறது.

இப்போது வந்திருக்கும் இயந்திரம் அந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. முன்பு தாராவி எடுத்துக்கொண்டது. இனித் தாராவியிடமிருந்து எடுக்கப்படும். இணையத்தில் ஏற்றப்பட்ட குரல்கள், தாளங்கள், வசைகள், தெருமொழிச் சொற்கள் எல்லாம் இயந்திரத்தின் தீவனம். ஒரு வரி தட்டச்சு செய்தால் ஒரு நிமிடத்தில் முழுப் பாட்டைக் கக்கும் சுனோ, யூடியோ ஆகிய நிறுவனங்கள்மீது உலகின் பெரும் இசைத்தட்டு நிறுவனங்கள் 2024 ஜூனில் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தன. கலைஞர்களுக்காகத் தொடுக்கப்பட்ட அறப்போர் என்று அப்போது பலர் மகிழ்ந்தனர். 2025 முடிவதற்குள் யுனிவர்சல் யூடியோவுடனும், வார்னர் இரு நிறுவனங்களுடனும் சமரசம் செய்து கூட்டாளிகளாயின. உரிமையாளரும் உரிமையாளரும் மோதினால் முடிவு பங்கு பிரிப்பதாகவே இருக்கும். அந்த மேசையில் கோல்மனுக்கு நாற்காலி கிடையாது.

ஹிப்-ஹாப் கற்கப்படும் இடம் எது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. வட்டமாக நின்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லெறியும் 'சைஃபர்' அது. அடுத்தவன் சொல்லைப் பிடித்துத் திருப்பி எறியத் தெரியாதவன் வட்டத்தில் நிற்க முடியாது. தாராவி தன் கேள்விஞானத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. இயந்திரத்துக்கு வட்டம் தேவையில்லை. வட்டத்தில் தோற்றுத் தலைகுனிந்து மறுவாரம் திரும்பி வரும் பதினைந்து வயதுப் பையனும் அதற்குத் தேவையில்லை.

செம்பூருக்குள் நுழையும்போது வாதம் சற்றுத் தடம் மாறும். ராஜ் கபூர் 1948இல் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோ அங்கே இருந்தது. 2017 செப்டம்பரில் தீப்பிடித்தது. பழைய படங்களின் உடைகள் பலவும் எரிந்தன. 2019இல் அந்த நிலம் கோத்ரெஜ் குழுமத்தின் வீட்டுமனை நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எந்தச் செயற்கை நுண்ணறிவும் அந்தக் கூடத்தை மூடவில்லை. மும்பையில் ஒரு சதுர அடி நிலத்தின் விலை மூடியது. கலைக்கு இடமில்லாமல் போகும் எல்லா இடத்திலும் கணினியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் இந்த வாயிலின் முன் சற்று நின்று போகலாம்.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வேறொரு கூட்டமும் இருந்தது; இன்னும் எஞ்சியிருக்கிறது. மும்பையில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படும் விளம்பரத்தைத் தமிழாக்கிக் கொடுப்பவர்கள், அதற்குக் குரல் கொடுப்பவர்கள். முப்பது நொடி விளம்பரத்தில் வாயசைவுக்குப் பொருந்தத் தமிழ்ச் சொல்லை நறுக்குவது யாப்புப் பயிற்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. அவ்வரிகளில் பல கொச்சையானவை. மொழித் தூய்மை பேசுவோர் அவற்றைக் கிண்டல் செய்து மேடையில் கைதட்டு வாங்கியதுண்டு. எனினும், கதை எழுதிக்கொண்டே வாடகை கட்ட வேண்டியவருக்கு அது சோறு. முதல் வரைவை இயந்திரம் செய்துவிடும், நீங்கள் திருத்தினால் போதும் என்ற ஏற்பாட்டில் அந்தச் சோறு பாதியாகும். திருத்துநர் ஆவதற்கு முன் ஒருவர் பல ஆண்டுகள் மோசமாக எழுதியிருக்க வேண்டும் என்பதை அந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஆய்வுலகம் மிகக் குறைவாகப் படித்த இலக்கியம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமே. அதைப் படித்தால் 'அம்பிகாபதி' விளங்கும். அதன் 57ஆம் பிரிவின்படி, ஓர் ஆசிரியர் தம் படைப்பை விற்றுவிட்ட பின்னரும், அதைச் சிதைத்துத் தம் மதிப்பைக் கெடுப்போரைத் தடுக்கலாம். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் 'ஆப்கா பண்டி' நாவலின் திரைவடிவத்தை எதிர்த்தபோது 1986இல் டெல்லி உயர்நீதிமன்றம் இப்பிரிவுக்கு வலுவான பொருள் தந்தது. அவ்வாறாயின் ஆனந்த் ராய்க்கு என்ன தடை? அதே சட்டத்தின் வரையறைப் பகுதி. திரைப்படத்தின் 'ஆசிரியர்' அதன் தயாரிப்பாளர் என்று அது கூறுகிறது. முதன்மை இயக்குநரையும் உரிமையில் இணைக்க 2010ஆம் ஆண்டின் திருத்த மசோதா முயன்றது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் எதிர்ப்புக்குப்பின் 2012இல் நிறைவேறிய திருத்தத்தில் அது கைவிடப்பட்டது. இயந்திரம் 2025இல் செய்ததாகச் சொல்லப்படும் கொலைக்கான கத்தி 2012இலேயே மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது.

தனுஷும் ராயும் குறைந்தபட்சம் அறிக்கை வெளியிடலாம், நாடு கேட்கும். அரிஜித் சிங்கின் குரலைப் படியெடுத்த செயலிகளுக்கு எதிராகப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. 2025இல் ஆஷா போஸ்லேயும் அத்தகைய பாதுகாப்பைப் பெற்றார். இரண்டும் வரவேற்கத்தக்க ஆணைகள். அவற்றின் அடிப்படை என்ன? அறியப்பட்ட பெயருக்கும் குரலுக்கும் முகத்துக்கும் வணிக மதிப்பு உண்டு, அதைப் பிறர் சுரண்டக்கூடாது என்பது. அறியப்படாத குரலுக்கு என்ன மதிப்பு? தாராவியின் பாடகனோ செம்பூரின் பின்னணிக் குரல் கலைஞரோ கோட்டைப் பகுதியிலுள்ள அந்த நீதிமன்றத்துக்குப் போய் முதலில் தம்மைப் புகழ்பெற்றவர் என்று நிறுவ வேண்டும்.

இதைவிடக் கூர்மையான ஒரு வரி அச்சட்டத்தில் உண்டு. 'நிகழ்த்துநர்' யார் என்று வரையறுக்கும் கூறு நடிகர், பாடகர், இசைஞர், நடனர் ஆகியோரோடு கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி வரை பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. படிக்க மகிழ்ச்சியான பட்டியல். பின்னர் 2012இன் திருத்தம் ஒரு விலக்கைச் சேர்க்கிறது: திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ நிகழ்த்துபவர், தொழிலின் வழக்கப்படி எங்கும் பெயர் குறிக்கப்படாதவராயின், அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். பாம்பாட்டி கலைஞர், கூட்டத்தில் நின்ற பெண்மணி இல்லை. பெயர் போடாதது தயாரிப்பாளர். அதனால் கலைஞர் என்ற நிலையையே இழப்பது அவள். தாராவியில் வாழ்வோருக்கு இந்தத் தருக்கம் புதிதன்று. 2000 ஜனவரி 1க்கு முன் குடியிருந்ததற்குக் காகிதம் காட்ட முடியாதவர் மறுசீரமைப்புக் கணக்கில் அந்த மண்ணிலேயே வீடு பெறும் தகுதியை இழக்கிறார். வாழ்ந்தது உண்மை, ஆனால் காகிதத்தில் இல்லை.

1987இல் 'நாயகன்' படத்துக்காகத் தோட்டா தரணி சென்னையில் ஒரு தாராவியை எழுப்பினார். 'காலா'வுக்கும் சென்னையில் ஒரு தாராவி எழுந்தது. பொய்த் தாராவிகள்தாம். அவற்றை எழுப்பத் தச்சர் வந்தார், சாயம் பூசுவோர் வந்தார், தெருவில் நடக்க ஆட்கள் வந்தனர். மாலையில் கூலி வாங்கிச் சென்றனர். அந்த ஆட்களில் ஒருவர் பின்னாளில் வசனம் பேசும் வாய்ப்பும் இருந்தது. அடுத்த தாராவியைத் திரையில் உருவாக்க இயந்திரத்துக்கு ஒருவரும் வேண்டாம். ஏற்கெனவே படம்பிடிக்கப்பட்ட முகங்களே போதும். அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் 2023இல் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில், கூட்டக் காட்சி நடிகரின் எண்ணிமப் பிரதியைப் பயன்படுத்த அவரது இசைவும் அதற்கான ஊதியமும் வேண்டும் என்று எழுதப்பட்டது. அங்கும் இயந்திரம் அதேதான். சங்கம் வேறு.

இந்தியச் சட்டமும் ஒரு சிறு துளையை அடைக்க மறந்துவிட்டது, அல்லது மனச்சாட்சியோடு விட்டுவைத்தது. பெயர் குறிக்கப்படாதவர் நிகழ்த்துநர் அல்லர் என்று சொன்ன அதே வாக்கியம், 38பி பிரிவின் இரண்டாம் கூறுக்கு மட்டும் அவர் நிகழ்த்துநரே என்கிறது. தம் நிகழ்த்துதல் சிதைக்கப்பட்டுத் தம் நற்பெயர் கெடுமானால் தடுக்கவும் இழப்பீடு கோரவும் அக்கூறு உரிமை தருகிறது. பெயர் போடப்படாதவருக்கு நற்பெயர் உண்டென்று சட்டமே ஒப்புக்கொள்ளும் விந்தை அது. கருத்தரங்குகளில் ஒளிவட்டத்துக்குச் செலவாகும் அறிவில் பத்தில் ஒரு பங்கு இந்தக் கூறுக்குச் செலவானால், முகம் களவாடப்பட்ட ஒரு துணை நடிகைக்கு வழக்குரைஞர் எழுப்பத்தக்க வாதம் ஒன்று கிடைக்கும். சட்டத்துறையும் நாடகத்துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத பல்கலைக்கழகங்களில் அது நடக்குமா என்பது வேறு கேள்வி.

பல்கலைக்கழகம் என்றதும் ஒரு செய்தி. படைப்பாற்றலின் எதிர்காலம் குறித்த கருத்தரங்க அழைப்பிதழ்களை அண்மைக்காலத்தில் கவனித்தவர்கள் அவற்றின் முகப்பை நினைவுகூரலாம்: நீல ஒளியில் இயந்திரக் கையொன்று தூரிகை பிடித்திருக்கும், விரல்களை எண்ணினால் சில வேளை ஆறு வரும். ஓர் ஓவிய மாணவருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வரைவித்திருக்கக்கூடிய படம். மும்பையில் 1857 முதல் ஜே.ஜே. கலைப்பள்ளி இருக்கிறது, அங்கே முதலாண்டு மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. அழைப்பிதழின் உள்ளே கலைஞர்களின் வாழ்வாதாரம் பற்றி மூன்று அமர்வுகள். அமர்வுக் கட்டுரைகளின் ஆங்கிலச் சுருக்கமும் பெரும்பாலும் இயந்திரம் செய்தது. முன்னர் அந்தச் சுருக்கங்களை மொழிபெயர்த்துத்தான் முதுகலை மாணவர்கள் மொழிபெயர்ப்பு பழகினர்.

தொடக்க விழாவில் இறைவணக்கம் பாட ஒரு மாணவி வருவாள். மேசைமேல் கைபேசியை வைத்துச் சுருதிச் செயலியை இயக்குவாள். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, தம்புரா மீட்டத் தாராவியிலிருந்து பாட வரும் ஒருவரை அமர்த்த வேண்டுமானால் எவ்வளவு ஆகும், அது எந்தச் செலவுத் தலைப்பின்கீழ் வரும் என்று ஏற்பாட்டுக் குழுவினர் இந்த ஆண்டு கேட்டுப் பார்க்கலாம்.